நீலத் தாள்

மூன்றாம் முறையாக வந்து
வாயிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்
நான் செய்துகொடுத்த கீழ்வரிசையை.
"கடிக்கிறது" என்றார்.
பல் என்றால் கடிக்கத்தானே என்று சொல்ல வந்து
விழுங்கிக்கொண்டேன்.

ஆர்வெட் தூல்மெட்ஸ்.
சாரெமாவில் கடல் உறைந்ததும்
தீவுக்கும் தீவுக்கும் நடுவே
பனிக்கட்டிமேல் சாலை குறிப்பவர்.
துளைத்து, கோல் விட்டு, கனம் அளந்து
இன்று கார் போகலாம், இன்று கூடாது என்று
பலகை மாட்டுபவர்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவரிடம் போவதற்குச் சொல் அதிகம் இருந்ததில்லை.

முதல் முறை ஈறோரம் தேய்த்தேன்.
இரண்டாம் முறை நாக்குப் பக்கம்.
இன்னும் தேய்த்தால் பல்செட் என்ற பெயர்தான் மிஞ்சும்.
விளக்கைத் திருப்பியபோது தெரிந்தது:
இடது கடைவாயில், புதுப் பல்லில்,
எந்த ரொட்டியும் போட முடியாத
வழுவழுப்பான பள்ளம்.

"சட்டைப் பையில் என்ன?"

தயங்கி எடுத்தார்.
சிறு கிண்ணம். நீளக் காம்பு.
ஜூனிபர் மரத்தில் தாமே சீவியது,
ஒரு சாணுக்கு மேலும் இரண்டு விரற்கடை,
நுனி பென்சில்போல் உருண்டை.
மருந்து நெடி அடிக்கும் என் அறை
மிளகும் பிசினுமாக மணந்தது.
"இரண்டு கையும் துளைக்கும் திருகில் இருக்கும்" என்றார்,
"இதை வேறு யார் பிடிப்பது?"

கடி பார்க்க நாங்கள் வைக்கும் நீலத் தாளை
பல்லுக்கும் மரத்துக்கும் இடையில் வைத்தேன்.
"கடியுங்கள். காற்றில் நிற்பதுபோல."

மரத்தின் மேல்புறம் ஒரு புள்ளி.
கீழ்ப்புறம் ஒரு புள்ளி.
கடுகளவு.
அந்த இரண்டு கடுகின் மேல்தான்
கிண்ணமும் தீயும் வடகாற்றும்
ஒரு முழுக் குளிர்காலமும் தொங்கியிருக்கிறது.

காம்பைக் குறைத்தால் பாரம் குறையும் என்றேன்.
"புகை சுடும்."
இரண்டு விரற்கடை கேட்டேன்.
ஒன்றுக்கு இறங்கி வந்தார்.
ரப்பர் உறை மாட்டலாமா என்றதற்கு
சைக்கிள் டியூபைச் சப்பச் சொன்னதுபோல் பார்த்தார்.

பிறகு அரம்.
மேலே ஒரு சரிவு, கீழே ஒரு சரிவு,
உருண்டை மெல்ல மெல்லத் தட்டையானது.
முனையில் மட்டும் ஒரு வரம்பு விட்டேன்,
பல்லுக்குப் பின்னால் தானே மாட்டிக்கொண்டு நிற்க.
துளையின் வாயை விசிறிபோல் விரித்தேன்,
புகை ஒரே இடத்தில் நாக்கைக் குத்தாமலிருக்க.

உள்ளே புகை போகும் வழி.
எவ்வளவு சீவலாம், எங்கே நிறுத்த வேண்டும்
என்று எனக்குத் தெரியவில்லை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.
அவர் கையை நீட்டி வாங்கி
நகத்தால் தட்டினார், காதருகே வைத்து.
இன்னும் தட்டினார்.
"ஒரு நூல் எடுக்கலாம்" என்றார்.
எடுத்தேன்.
மறுபடி தட்டிவிட்டு,
"போதும். இதற்கு மேல் ஆள் நடக்கக்கூடாது."

அன்றைக்கு அவர் பேசியதில் அதுதான் நீளம்.

வழுவழுத் தாளில் நனைத்து நனைத்துத் தேய்த்து
வால்நட் எண்ணெய் ஒரு துளி, தேன்மெழுகு ஒரு தடவல்.
கீழ்வரிசையை மாட்டிக்கொண்டு
தீயில்லாத குழாயைக் கவ்வினார்.
கைகளை விட்டார்.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி நின்றார்,
கை இரண்டும் சும்மா,
குழாய் அசையவில்லை.

பல் தொழிலில் இருப்பவள் நான்.
புகை ஈறுக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியவள்.
சொன்னேன்.
தலையாட்டினார், வாயில் அதை வைத்துக்கொண்டே.

பில் எழுத உட்கார்ந்தேன்.
மரவேலைக்கு அதில் கட்டம் கிடையாது.
கீழ்த்தாடை, சரிசெய்தல்: ஒன்று
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரியில் முகு தீவுக்கு ஒரு வரிசை மேல்பற்களோடு
பனிச்சாலையில் வண்டி ஓட்டிப் போனேன்.
பலகையில் கனம் எழுதியிருந்தது, அவர் கையெழுத்தில்.
தூரத்தில் குனிந்து துளைத்துக்கொண்டிருந்த உருவம்
நிமிரவில்லை, கையசைக்கவில்லை.
அதன் முகத்திலிருந்து
சின்னதாக ஒரு புகை
நேராக எழுந்துகொண்டிருந்தது.